மேசை தட்டும் உறுப்பினர்

ராணுவக் கண்காணிப்புக் குழுவில் தன் கணவர் குற்றாலிங்கம் எம்.பி. ஐந்து தேர்தலாக உட்கார்ந்திருப்பதைக் கோமதியம்மாள் யாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டதில்லை. அங்கே அவர் கிழித்ததெல்லாம், தளபதி வந்தால் எழுந்து கும்பிட்டதும், படை எதைக் கேட்டாலும் வாய் திறக்காமல் மேசையைத் தட்டியதும்தான். போன வருடம் புது ஹெலிகாப்டருக்கும் அப்படித்தான் தட்டினார்.

அது போன வாரம், படையில் இருந்த அவர்கள் மகன் செண்பகராமனோடு விழுந்து எரிந்தது.

இன்று வீட்டுத் திரையில் காணொளி வழியாகக் குழு கூடியதும் குற்றாலிங்கம் எழுந்தார். “அந்த ஹெலிகாப்டரைச் சோதிச்சுப் பார்த்தது யாரு?”

ஆளைச் சரிபார்க்கும் இயந்திரம் குறுக்கிட்டது. “இந்த உறுப்பினர் இதுவரை ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. எனவே இவர் போலி. பழைய பதிவுகளிலிருந்து உருவாக்கிய அவருடைய கணினி நகல் கலந்துகொள்ளும்.”

திரையில் அவருடைய முகமே பல்லைக் காட்டியபடி எழுந்து தளபதியைக் கும்பிட்டது. பிறகு மேசையைத் தட்டியது. எல்லோரும் சேர்ந்து தட்டினார்கள்.

“ஐயோ, அது நான் இல்ல கோமதி!”

கோமதியம்மாள் மகனின் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அதுதான் நீங்க. சும்மா ஏன் நிக்கிறீங்க? நீங்களும் சேர்ந்து தட்டுங்க.”