சரி, விடுங்க

மனைவி தமயந்தி பிரிந்து போன மூன்றாம் வாரம், இளம்பரிதி தங்களுடைய பதினோரு வருட வாட்ஸ்அப் உரையாடலை அலுவலகக் கணினியில் இறக்கினான். அவள் “ஒண்ணு சொல்லணும்” என்று தொடங்கி “சரி, விடுங்க” என்று முடித்த இடங்களை மட்டும் தேடி எடுக்க நிரல் எழுதினான். பத்திருபது தேறும் என்று நினைத்தான். வந்தது ஒன்றே ஒன்று. எதிர்ப்படும் முதல் “சரி, விடுங்க”வோடு நிற்கச் சொல்லும் குறியைப் போட மறந்திருந்தான். தேடல் கல்யாணமான வாரத்தில் தொடங்கி, போன மாதம் வரை அத்தனையையும் ஒரே துண்டாக விழுங்கியிருந்தது.

“ஒரு குறிய விட்டுட்டீங்கண்ணே, தப்பா பிடிச்சிருக்கு,” என்றான் பக்கத்து இருக்கை சேவியர்.

“இருக்கட்டும்ப்பா.”

முதல் வரிக்குப் போனான். அவளுடைய “ஒண்ணு சொல்லணும்.” அதற்குக் கீழே அவனுடைய பதில்: “மீட்டிங்ல இருக்கேன். அப்புறம்.”