நூற்றுக்கு நூற்றுப் பதினெட்டு

முதல் எலுமிச்சம்பழம் தண்ணீரில் விழுந்ததும் இன்ஜினியர் தாணுமாலயன் கடிகாரத்தை அழுத்தினார்.

வாய்க்காலின் கீழ்முனையில், இடுப்பளவுத் தண்ணீரில், வாயில் விசிலோடு நின்றான் பலவேசம்.

குற்றாலத்துக்கு மேலே இருந்த எஸ்டேட்டின் சின்ன பவர்ஹவுஸை ஒன்பது வருஷமாக ஓட்டுகிறவன் அவன். விழுகிற தண்ணீரின் பலத்தில் பாதியாவது கரண்டாக மாறவில்லையென்றால் டர்பைனைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவேன் என்று முதலாளி சொல்லியிருந்தார். டர்பைன் போனால் பலவேசமும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

அதை அளந்து சொல்லத்தான், ஐம்பத்தெட்டாம் வருஷத்துச் சாரலில், தாணுமாலயன் மெட்ராஸிலிருந்து வந்திருந்தார்.

கரண்டைக் காட்ட மீட்டர் இருந்தது. தண்ணீரின் வேகத்தைப் பார்க்கத்தான் எலுமிச்சம்பழம். மேலே போட்ட பழம் எத்தனை நேரத்தில் கீழே வருகிறது என்று பார்த்துக் கணக்குப் போடவேண்டும்.

ஒரு நிமிஷத்தில் வரவேண்டிய பழம் இரண்டு நிமிஷம் கழித்து ஆடி அசைந்து வந்தது. பலவேசம் விசில் ஊதினான்.

போட்ட பன்னிரண்டு பழங்களும் அப்படித்தான். வாய்க்கால் என்னவோ துள்ளிக்கொண்டு ஓடியது. பழங்கள் மட்டும் கல்யாண ஊர்வலம்போல நின்று நின்று வந்தன. நம் சோலி முடிந்தது என்று நினைத்தான் பலவேசம்.

தாணுமாலயன் பாறைமேல் உட்கார்ந்து கணக்குப் போட்டார். அடித்துவிட்டு மறுபடி போட்டார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மூன்றாம் தடவையும் போட்டார். பழம் மெதுவாக வந்ததால் தண்ணீரின் பலம் தாளில் பாதியாகிவிட்டது; மீட்டரில் கரண்டு மட்டும் குறையவில்லை.

"நூத்துக்கு நூத்திப் பதினெட்டு! வாங்குததவிடக் கூடுதலால்லா குடுக்குது உம்ம மிஷினு?"

"நல்லாப் பழக்கி வச்சிருக்கேன் சார்," என்றான் கரையேறி வந்து நின்ற பலவேசம்.

அப்போது வாய்க்காலின் நடுவே, பார்வைக்கு மறைவாக இருந்த திருப்பத்திலிருந்து ஈரத்தலையோடு ஒரு பெண் ஏறி வந்தாள். இன்ஜினியரின் மனைவி செண்பகவல்லி. அவர் வேலையை முடிப்பதற்குள் ஒரு குளியல் போட்டுவிடலாம் என்று கூடவே வந்தவள்.

"சாமி பிரசாதம் பன்னெண்டு மிதந்து வந்துச்சுங்க. ஒவ்வொண்ணையும் எடுத்துக் கண்ணுல ஒத்தி, நல்லா வேண்டிக்கிட்டுத் தண்ணியிலயே விட்டுட்டேன்."

தாணுமாலயனின் பேனா நின்றது. பலவேசம் மலையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டான்.

அப்படி என்ன வேண்டுதல் என்று அவர் மெல்லக் கேட்டார்.

"வருசா வருசம் சீசனுக்கு நாம இங்கன வரணும்னுதான்."

தாணுமாலயன் கணக்குத் தாளை நாலாகக் கிழித்தார். புதுத் தாளில் நிதானமாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்:

'இயந்திரம் தொடர்ந்து ஓடலாம். ஆனால் ஒவ்வொரு வருஷமும் சாரல் காலத்தில் அதிகாரி நேரில் வந்து சோதிப்பது அவசியம்.'