தகரத்துக்குக் காவல்

அழுக்குத் துணிக் கூடையிலிருந்து வில்லியத்தின் சட்டையை எடுத்த சவுந்தரம், மூக்கருகே கொண்டுபோய் முகத்தைச் சுளித்தாள்.

"என்னங்க, இத மோந்து பாருங்க. தம்பி மறுபடியும் ஆரம்பிச்சிருச்சு போல."

ரேமண்ட் வாங்கி மோந்து பார்த்தான். சம்சுச் சாராயம் குடித்தவன் சட்டை எப்படி நாறுமோ, அப்படியே நாறியது.

வில்லியம் ரேமண்டின் ஒரே தம்பி. ஜூலை மாதம் புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோயில் திருவிழாவில், கழுத்தில் மாதா படம் தைத்த உத்தரியக் கயிறு போட்டுக்கொண்டு இனிக் குடிப்பதில்லை என்று சத்தியம் செய்தவன். அந்தச் சத்தியத்தை நம்பித்தான் ரேமண்ட் அவனை வீட்டில் சேர்த்துக்கொண்டான்.

ஆனால் வீட்டுக்குப் பின்னாலிருந்த கொட்டகையில் சரக்கு இருந்தது. பெட்ரோல் விலை ஏறியதும், ரேமண்ட் ஓட்டும் வாடகைக் காரின் சீன முதலாளி, நீப்பா மரக் கள்ளிலிருந்து வடித்த ஸ்பிரிட்டைப் பெட்ரோலில் கலந்து ஊற்றச் சொல்லிவிட்டார். கார் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்திலேயே கரிக்கடை, ஒரு பொறி பட்டால் போதும். அதனால், "ஸ்பிரிட்ட நீயே வீட்டுல வச்சுக்கோ. குறைஞ்சுதுன்னா நான் வேற டிரைவரப் பாத்துக்குவேன்" என்றும் சொல்லியிருந்தார்.

ரேமண்ட் எதையும் ஒழுங்காகச் செய்கிறவன். அக்கரையிலிருந்து படகில் கொண்டுவரும்போது ஸ்பிரிட் டின்னைச் சுற்றி ஈரச் சாக்குப் போட்டான். தகரக் கொட்டகையில் மணல் பரப்பி, அதன்மேல் டின்னை வைத்தான். வெயிலில் உப்பி வெடித்துவிடக் கூடாதே என்று மூடியில் ஆணியடித்து நாலைந்து துளை போட்டான். உள்ளே விளக்கு கூடாது, பீடி கூடாது. திருட்டுப் போகாமலிருக்க, வில்லியத்தை டின்னுக்குப் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுக்கச் சொன்னான்.

சட்டையும் கையுமாகக் கொட்டகைக்குப் போனவன், மூங்கில் குச்சியை டின்னுக்குள் விட்டு எடுத்தான். போன வாரம் கீறி வைத்த அடையாளத்துக்கு இரண்டு விரல் கீழேதான் ஈரம் இருந்தது. காருக்கு இன்னும் ஒரு சொட்டுகூட எடுக்கவில்லை.

"எங்கடா போச்சு?"

பாயைச் சுருட்டிக்கொண்டிருந்த வில்லியம் சிரித்தான். "என்னக் கேட்டா? அதக் குடிச்சா நானும் உன் காரு மாதிரி புகை விட்டுக்கிட்டே கடற்கரை ரோட்டுல ஓடிருப்பேன்லா, அண்ணே."

"சிரிக்காதடா. உன் சட்டையே சொல்லுது."

சிரிப்பு நின்றுவிட்டது. "அண்ணே, உத்தரியத்து மேல சத்தியமா நான் தொடல."

"அதையும் இழுக்காத! குடிகாரன் சத்தியத்த நம்பி வீட்டுக்குள்ள விட்டேன் பாரு, என்னச் சொல்லணும். என் பொழப்பு போறதுக்குள்ள நீ வெளிய போயிடு."

வில்லியம் சவுந்தரத்தைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவன் கழுத்திலிருந்த உத்தரியத்தைக் கழற்றிக் கொட்டகை ஆணியில் மாட்டினான்.

"நீயே நம்பலன்னா இத நான் எதுக்கு அண்ணே சுமக்கணும்?" என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினான்.

அன்று முதல் ரேமண்டே கொட்டகையில் படுத்தான். கதவுக்குப் பூட்டு, சாவி அவன் இடுப்பில். டின்னுக்கும் அவன் தலைமாட்டுக்கும் இடையில் ஒரு முழம்கூட இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது, இன்னொரு டிரைவரான தங்கராஜு வழிமறித்தான். "அண்ணே, உங்க தம்பி கள்ளுக்கடை வாசல்ல சாக்கடையோரமா விழுந்து கிடக்கு. தூக்கப் போனா என்னையே அடிக்க வருது. ஒரு எட்டு வந்து பாருங்கண்ணே."

"எனக்குத் தம்பின்னு யாரும் இல்ல" என்றான் ரேமண்ட். மனத்துக்குள் ஒரு நிம்மதி. தான் சொன்னது சரியாகிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் சவுந்தரத்திடம் அதையே சொன்னான். "பாத்தியா? நான் அன்னைக்கே சொன்னேன்ல?" அவள் துணிக் கூடையை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள்.

காருக்கு ஊற்றும் நாள் அது. ரேமண்ட் கொட்டகைப் பூட்டைத் திறந்தான். மதிய வெயிலில் கூரை கொதித்துக்கொண்டிருந்தது. மூடித் துளைகளுக்கு மேலே காற்று கானல் போல நெளிந்தது. மூங்கில் குச்சியை விட்டு எடுத்தான்.

மறுபடியும் இரண்டு விரல் குறைந்திருந்தது.

பூட்டைப் பார்த்தான். இடுப்புச் சாவியைத் தொட்டுப் பார்த்தான். டின்னைச் சுற்றி மணலைத் தடவினான், எங்கும் ஈரமில்லை. ஆணியில் தம்பியின் உத்தரியம் அப்படியே தொங்கியது.

வாசலில் நிழல் விழுந்தது. சவுந்தரம் நின்றிருந்தாள். அவள் கையில், அவன் ஒரு வாரமாகப் போட்டுக்கொண்டு படுத்த சட்டை.

"என்னங்க, இதுலயும் அதே வாசந்தாங்க அடிக்குது."