ஸ்டூலில் வைத்த காபி

“அப்பா, எங்க வைக்கீங்க? எடுங்க, எடுங்க!”

வில்சன் பாய்ந்து வருவதற்குள் காரியம் கெட்டுவிட்டது. ஸ்டூல் மேல் திறந்திருந்த லேப்டாப்பின் எழுத்துப் பொத்தான்கள் மேலேயே காபி டம்ளரை வைத்துவிட்டார் வேதசிரோமணி. டம்ளர் சாய்ந்தது. முக்கால் டம்ளர் காபி, பாலும் சர்க்கரையுமாக உள்ளே இறங்கியது. அப்போதுதான் உயிர் வந்துகொண்டிருந்த திரை இரண்டு தரம் மினுங்கி அணைந்தது.

தொண்ணூற்றொன்பதில் ராஜபாளையத்தில் அந்தத் தெருவுக்குள் நுழைந்த முதல் லேப்டாப் அது. அமெரிக்காவிலிருந்து கம்பெனி வேலையாக மெட்ராஸ் வந்த வில்சன், கெஞ்சிக் கூத்தாடி நாலு நாள் லீவு வாங்கி, அன்று மத்தியானம்தான் வீட்டுக்கு வந்திருந்தான். வந்ததே அப்பாவுக்குப் பேத்தியைக் காட்டத்தான். பிறந்து ஐந்து மாதம். பச்சைப் பிள்ளையை அவ்வளவு தூரம் தூக்கி வர முடியவில்லை. அதனால் பிலிம் இல்லாத புது காமிராவில் நூறு போட்டோ எடுத்து லேப்டாப்பில் போட்டுக் கொண்டுவந்தான். தாளில் ஒன்றுகூடப் போடவில்லை. பெரிய திரையில் காட்டி அப்பாவை அசத்திவிட வேண்டும் என்று துரைக்கு நினைப்பு.

அந்த ஆசையில் மண் விழுந்ததும் வாய் கட்டுக்குள் நிற்கவில்லை.

“ஒரு டம்ளர ஒழுங்கா வைக்கத் தெரியாதா உங்களுக்கு? உங்ககிட்ட காட்டணும்னு அங்கருந்து இத சுமந்துக்கிட்டு வந்தேன் பாருங்க, என்னையச் சொல்லணும்.”

மில்லில் முப்பது வருஷம் பிட்டராக இருந்தவர். மேனேஜரிடம்கூட ஒரு சொல் கேட்காத மனிதர். மகனிடம் கேட்டுக்கொண்டு நின்றார். “தெரியாமப் பண்ணிட்டேம்லே” என்று மட்டும் முனகிவிட்டுத் தன் அறைக்குள் போய்விட்டார்.

அக்கா ஞானரத்தினம் சேலைத் தலைப்பால் காபியை ஒத்தி எடுத்துக்கொண்டே, அப்பா எப்பவும் அந்த ஸ்டூலில்தான் டம்ளரை வைப்பாவ, நீ ஏன் அதில் கொண்டுபோய் இதை வைத்தாய் என்று கேட்டாள். அவளுக்கும் நன்றாகக் கிடைத்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்த மைதீன் பிச்சை, வில்சனோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். போன் போட்டதும் அவன் கேட்ட முதல் கேள்வி, திரும்ப சுவிட்சைப் போட்டுப் பார்த்தாயா என்பதுதான். இல்லை என்றதும், அப்படியானால் பிழைக்க வழி இருக்கிறது என்றான். வயரைப் பிடுங்கச் சொன்னான். பாட்டரியைக் கழற்றி, மிஷினைக் கூடாரம் மாதிரி கவிழ்த்து வைக்கச் சொன்னான். அடுத்த பஸ்ஸிலேயே வந்து, பொத்தான் பலகையைக் கழற்றி, உள்ளே பிசுபிசுத்துக் கிடந்த சர்க்கரையை ஸ்பிரிட் தொட்டுப் பொறுமையாகத் துடைத்தான். வெயிலில் வைக்காதே, ஃபேன் காற்றே போதும் என்றான்.

“மூணு நாளு சுவிட்சுப் பக்கமே கை போகக் கூடாது, பாத்துக்கோ. சும்மா ஒரு தடவ போட்டுப் பாப்பமேன்னு போட்டுத்தாம்லே பாதி மிஷினு சாகுது.”

மூன்று நாள் முடிந்து நாலாம் நாள் காலையில் வில்சன் கிளம்பிவிட வேண்டும். மிஷின் உயிர் பிழைத்தால் அப்பா பேத்தியைப் பார்ப்பார். இல்லையென்றால் அடுத்த லீவு எப்போது என்று அவனுக்கே தெரியாது.

அந்த மூன்று நாளும் வேதசிரோமணி கூடத்துக்கு வரவேயில்லை. காபி, சாப்பாடு எல்லாம் அறைக்குள்ளேயே. ஒருநாள் சாயங்காலம் அவர் அக்காவிடம், மிஷின் காய்ந்துவிட்டதா என்று மெல்லக் கேட்பது வில்சன் காதில் விழுந்தது. தப்புப் பண்ணிய பிள்ளை கேட்கிற மாதிரி இருந்தது அது.

நைட் ஷிப்ட் முடித்து வந்த கண்ணோடு, சைக்கிளில் வைத்துத் தன்னைப் பள்ளிக்கூடம் கொண்டுவிட்ட மனிதர். அவரைப் போய் ஒரு டம்ளர் காபிக்காக அப்படிப் பேசிவிட்டோமே என்று வில்சன் தன்னைத் தானே திட்டிக்கொண்டான். அறை வாசல் வரைக்கும் நாலைந்து தடவை போனான். மன்னிப்புக் கேட்காமலே திரும்பினான். பிள்ளையின் முகத்தைக் காட்டிவிட்டால் அப்பாவின் மனசு ஆறிவிடும் என்று நாள் கடத்தினான்.

நாலாம் நாள் காலை. பெட்டி கட்டியாயிற்று. பாட்டரியை மாட்டி, லேப்டாப்பை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனான். அப்பா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் காலடியில் உட்கார்ந்து, லேப்டாப்பை அவர் மடியில் வைத்து மூடியைத் திறந்தான்.

“அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுப்பா. மன்னிச்சிருங்க. இந்தா, உங்க பேத்தி. நல்லாப் பாருங்க.”

சுவிட்சின் மேல் விரலை வைத்தான். எல்லாம் நல்லபடியாக இருக்க வேண்டும், ஆண்டவரே என்று ஒரு நிமிஷம் கண்ணை மூடினான்.

“அடடா, என்னமாச் சிரிக்கா” என்றது அப்பாவின் குரல். “நெத்தி, மூக்கு எல்லாம் அப்படியே உங்கம்மதாம்லே. ஸ்தோத்திரம் ஆண்டவரே. இது போதும்லே எனக்கு. நீ நிம்மதியாப் போயிட்டு வா.”

வில்சன் கண்ணைத் திறந்தான். வாசலில் நின்ற அக்கா வாயைச் சேலையால் பொத்திக்கொண்டு, ஒன்றும் கேட்காதே என்று தலையை ஆட்டினாள்.

அப்பாவின் கண்கள் திரையைத் தாண்டிச் சுவர்ப் பக்கம் எங்கோ நின்றன. மடியில் திரை கன்னங்கரேலென்று இருந்தது. அவன் இன்னும் சுவிட்சையே போடவில்லை.