தூதனின் ஒற்றை வரி

தூதன் வாயைத் திறக்கவில்லை.

அட்டைக் கல்லறையின் முன்னே, பழைய வேட்டியில் தைத்த அங்கியும் இடப்பக்கம் சரிந்த இறகுமாகப் பொன்செல்வி நின்றாள். வயது ஆறு. அவள் சொல்ல வேண்டியது ஒரே வரி: 'இங்கே இல்லை, எழுந்து போய்விட்டார்.'

வரியை எழுதியவர், இறகைத் தைத்தவர், தம்பானூர்க் கடையொன்றில் கெஞ்சி வாங்கிய பிரிட்ஜ் அட்டைப்பெட்டியை ஆட்டோவின் தலையில் கட்டிக்கொண்டு வந்தவர், எல்லாம் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை சுசீலாபாய்தான். ஈஸ்டரின் பொருள் முழுவதும் அந்த ஒரு வரியில் இருக்கிறது என்பது அவருடைய கட்சி. அதனால் நாடகத்தில் இயேசு வேடமே கிடையாது. காலியான கல்லறையே பேசட்டும் என்று விட்டுவிட்டார்.

தூதன்தான் தகராறு செய்தாள்.

முதல் ஒத்திகையில், அண்டா மூடியில் சாம்பல் நிறத் தாள் ஒட்டிய கல்லை உருட்டிவிட்டு எட்டிப் பார்த்தாள். "உள்ளதான் இருக்காரு, உறங்குகாரு" என்றாள்.

இரண்டாம் ஒத்திகைக்குத் துவர்த்துத் துண்டு ஒன்றைச் சுருட்டி உள்ளே படுக்கவைத்துப் போர்த்தியும் விட்டாள். மூன்றாவதில் கல்லைத் தொடவே மறுத்தாள்.

வேறு பிள்ளையைப் போடலாமே என்றார் போதகர். சுசீலாபாய் இசையவில்லை. ஒரு குழந்தைக்கு ஈஸ்டரைப் புரியவைக்க முடியாதவர் ஏழு ஆண்டுகளாக ஆசிரியை நாற்காலியில் எதற்கு உட்கார்ந்திருக்கிறார்?

"காலியா இருந்தா நல்லதா டீச்சரே?" என்று போன வாரம் பொன்செல்வி கேட்டாள்.

நல்லதுதான் என்று தொடங்கி அரைமணி நேரம் விளக்கினார். பாவம் வந்தது, மரணம் வந்தது, வெற்றியும் வந்தது. பொன்செல்வி கொட்டாவி விடாமல் கேட்டாள். நம்பவில்லை. பிறகு, அவளை அழைத்துப்போக வந்த பக்கத்து வீட்டு ஆவுடைத்தாயின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். ஒரு மாதமாக ஆவுடைத்தாய்தான் வருகிறாள். முன்பெல்லாம் அப்பா வருவார்.

இப்போது ஈஸ்டர் காலை. கோயில் நிறைந்திருந்தது. பவுடர் டப்பாக்களில் நறுமணத் தைலம் ஏந்திய மூன்று பெண்கள், "அவர் எங்கே?" என்று மூன்றாம் முறையாகக் கேட்டுவிட்டு, தூதனை முழங்கையால் இடித்தார்கள்.

திரைக்குப் பின்னால் சுசீலாபாய் சத்தமில்லாமல் வாயசைத்தார். தூதன் அந்தப் பக்கமே திரும்பவில்லை. சபையாரின் தலைகளைத் தாண்டிக் கடைசி பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு சிரித்தாள்.

கல்லை ஒரு உதை விட்டாள். அது கணகணவென்று உருண்டுபோய்ப் போதகரின் காலடியில் விழுந்தது. அட்டைக்குள் இடுப்பு வரை நுழைந்து, நான்கு மூலையையும் தடவிப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள்.

"இங்ஙன ஆருமில்ல. வீட்டுக்குப் போயாச்சு."

சபை சிரித்து ஓய வெகுநேரமாயிற்று. வீடு என்ற சொல்லைத் தாம் எழுதவில்லையே என்று சுசீலாபாய் மட்டும் யோசித்துக்கொண்டிருந்தார்.

ஆராதனை முடிந்து அப்பம் பரிமாறும் இடத்தில் ஆவுடைத்தாயைப் பிடித்து விசாரித்தார்.

"அவ அப்பன் வீரபாண்டி வேலைக்குப் போன எடத்துல சாரத்துலேந்து விழுந்துட்டான்லா டீச்சரே. ஒரு மாசமா ஆஸ்பத்திரியில கெடந்தான். பக்கத்துக் கட்டிலு ரெண்டு அடுத்தடுத்துக் காலியாச்சு. அவங்க வீட்டுக்குப் போவலைன்னு இந்தப் பிள்ளைக்குத் தெரியும்." ஆவுடைத்தாய் அப்பத்தைப் பிய்த்தாள். "நேத்து இவன் கட்டிலும் காலியாச்சு. நொண்டிக்கிட்டே வீட்டுக்கு வந்துட்டான். இன்னைக்கும் பிந்தி வந்து கடைசி பெஞ்சுல இருந்தான்லா."

அட்டையை மடக்கிவைக்கலாம் என்று சுசீலாபாய் உள்ளே போனார்.

கல்லறையின் முன்னே மாவுக்கட்டுக் காலோடு, ஊன்றுகட்டையை அக்குளில் இடுக்கி ஒருவர் கஷ்டப்பட்டுக் குனிந்துகொண்டிருந்தார். தூதன் அவருடைய சட்டையைப் பிடித்திழுத்து, உள்ளே ஒன்றுமில்லாததை விரல் நீட்டி, மூலை மூலையாகக் காட்டிக்கொண்டிருந்தாள்.