உயிரோடு இருப்பவரின் இரங்கல் குறிப்பு

பெருமாட்டி ஊரில் நாடகக்காரர் துரைசுவாமியின் வாசலில், மாலையோடு வந்தவர்கள் வெயிலில் திகைத்து நிற்கிறார்கள். அவர் கட்டிலில் உயிரோடு உட்கார்ந்திருக்கிறார். அவர் மருத்துவமனையில் கிடந்தபோது ஒரு செய்தித்தளத்தார் முன்கூட்டியே எழுதிவைத்த இரங்கல் குறிப்பு, யாரும் வெளியிடாமலே தளத்தில் எல்லோர் கண்ணிலும் பட்டுவிட்டது. அந்தத் தளம் சரியாக இயங்குகிறதா என்று பார்க்கும் சோதனை நிரல்களுக்கெல்லாம் அடிப்படையான, 'பேஸ் கிளாஸ்' என்ற பொது நிரலை எழுதியவள் பக்கத்து வீட்டு ஜானவி. ஒவ்வொரு சோதனையும் செய்தி ஆசிரியராகவே உள்ளே நுழையும்படி எழுதியிருந்தாள். வாசகனாக ஒன்றுகூட நுழைந்து பார்த்ததில்லை. அதனால், வெளியிடாத குறிப்பும் வாசகர் கண்ணில் படும் என்பது எந்தச் சோதனையிலும் தெரியவரவில்லை. "யாரு கண்ணு இப்பிடிப் பண்ணுனது?" என்கிறார் துரைசுவாமி. "நாந்தானுங்க" என்கிறாள். முகம் எரிகிறது. அவர் சிரிக்கிறார். செய்தி கேட்டுச் சந்தையிலிருந்து செருப்பில்லாமல் ஓடிவந்த அவர் மனைவி சிரிக்கவில்லை. கணவரின் மணிக்கட்டைப் பற்றிய கையை இன்னும் விடவில்லை. ஜானவியால் அந்தக் கையைப் பார்க்க முடியவில்லை.