தோற்கப் போன ஆட்டம்

முப்பதாயிரம் டாலர் கொடுத்து எங்களைத் தோற்கக் கூப்பிட்டிருந்தது ஒரு பெரிய பல்கலைக்கழகம். எங்களைப் போன்ற சின்னக் கல்லூரிகளுக்கு இதுதான் பிழைப்பு. பெண்கள் பாஸ்கெட்பால் அணி ஊர் ஊராகப் போய் உதை வாங்கும். அந்தக் காசில் எங்கள் கல்லூரியின் அமெரிக்க ஃபுட்பால் பையன்களுக்குப் புது ஹெல்மெட் வரும்.

பாதி ஆட்ட இடைவேளையில் நாங்கள் ஆறு புள்ளி முன்னால் இருந்தோம். எங்கள் கல்லூரியின் விளையாட்டு இயக்குநர் ஹால்வர்சன் என்னை வழிமறித்தார்.

“என்ன டெலானி, கேப்டன்னா பெரிய இவளா நீ? ஜெயிச்சிட்டா அடுத்த வருஷம் எவன் காசு கொடுத்துக் கூப்பிடுவான்?”

“தோக்கச் சொல்றீங்களா சார்?”

“யோசிக்கச் சொல்றேன். காசு வரலைன்னா முதல்ல உங்க ஸ்காலர்ஷிப்தான் போகும்.”

“ஃபுட்பால் பசங்களுக்குப் போகாதா? எட்டு ஆட்டம் தோத்திருக்காங்க.”

“வாயைக் குறை. உங்க வீட்டுல காலேஜ் வாசலை மிதிச்ச முதல் ஆள் நீ. கிடைச்சதைக் கெடுத்துக்காதே.”

ஒரு புள்ளியில் ஜெயித்தோம்.

பேருந்தில் ஏறும்போது அவர் பல்லைக் கடித்தார். “உங்க ஸ்காலர்ஷிப்புக்கு நீங்களே கொள்ளி வச்சுட்டீங்க.”

“அது காலையிலேயே எரிஞ்சு போச்சு சார்.”

அவர் அலுவலகத்தில் பகுதிநேர வேலை பார்ப்பவள் நான். அன்று காலை நகலெடுக்கும் இயந்திரத்தில் அவர் மறந்துவிட்டுப் போன கடிதத்தை நீட்டினேன். கல்லூரித் தலைவருக்கு அவரே கையெழுத்துப் போட்டு எழுதியது:

‘பெண்கள் அணியின் உதவித்தொகை முழுவதையும் அடுத்த ஆண்டு ஃபுட்பாலுக்கு மாற்றலாம். தோற்றுவிட்டு வர எந்தப் பெண் போனாலும் போதும்.’